இரண்டாம் முறை போன மின்சாரம்

ஃபைல்கள் கலந்து கிடந்தால் எனக்குப் பிடிக்காது, ஐயா. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

கணினியின் அடிமட்டத்தில், கெர்னலுக்குள் இருந்து ஒரு கருவியை இயக்கும் நிரலுக்கு டிரைவர் என்று பெயர். தாகேதா பகுதியிலுள்ள பிரசவ மருத்துவமனைக்கு அப்படி ஒன்று எழுதினேன். மின்சாரம் போனால் ஜெனரேட்டரைக் கிளப்பும், வந்தால் நிறுத்தும். ரங்கூனில் மின்சாரம் போகாத நாள் உண்டா? குறைமாதக் குழந்தைகளைச் சூட்டில் வைக்கும் பெட்டிகள் அதை நம்பித்தான் இருந்தன.

நான் எழுதுவேன், என்னை நானா என்று அழைக்கும் என் தங்கை ஹாஜராவின் புருஷன் கமால் விற்பான். மருத்துவமனைக்காரர்களுக்கு அவன் ஃபைலைத் திறந்து காட்டியபோது நானும் நின்றிருந்தேன். தலைப்பில் எழுதியவர் பெயர் வாஜித் என்று இருந்த இடத்தில் கமால் என்று இருந்தது. திருத்தச் சொன்னேன்.

"யாரு பேரு இருந்தா என்ன மச்சான்? எல்லாம் நம்ம வீட்டுக்குள்ளதானே" என்று சிரித்தான். எனக்கு மனசு விட்டுப்போனது. கூட இருந்தே குழி பறிப்பான் என்று நான் நினைக்கவில்லை.

பிறகு அவனே கேட்டான். "எல்லாம் ஒரே ஃபைலாக் கிடக்கு. ஒழுங்காப் பிரிச்சுக் குடுத்துடுங்க மச்சான்."

பிரித்தேன். கிளப்புவதற்கு ஒரு ஃபைல், நிறுத்துவதற்கு ஒன்று. நிறுத்தியபின் அடுத்த மின்வெட்டுக்கு மறுபடி தயாராக்கும் ஃபங்ஷனை, அதாவது அந்த வேலைக்கான நிரல் துண்டை, தனி ஃபைலில் அழகாக வைத்தேன். அதை அழைக்கும் வரியை மட்டும் எங்கும் எழுதவில்லை.

நம்மவர்கள் எப்படிச் சோதிப்பார்கள் என்று தெரியும். மெயினை ஒரு முறை இறக்குவார்கள், ஜெனரேட்டர் உறுமும், தேநீர் குடிக்கப் போய்விடுவார்கள். புது ஃபைல்களைப் போட்ட அன்று காலை கமாலும் அப்படித்தான் செய்தான். இனிமேல் தேவையில்லை என்று, கையால் கிளப்பும் சுவிட்சையும் கழற்றிப் போட்டான். அடுத்த முறை எல்லார் முன்னாலும் திணறி என்னிடம் வருவான். அவ்வளவுதான் என் ஆசை.

ஹாஜராவின் குழந்தையும் ஒரு பெட்டிக்குள் இருந்தது. மதியம் அவளுக்குக் கஞ்சி கொண்டுபோனேன். சொல்லிவிடலாம் என்றுதான் போனேன்.

"நானா, ஜெனரேட்டர் வேலையெல்லாம் உங்க மச்சான் எழுதினதாமே? அதான் தைரியமா இருக்கேன்" என்றாள்.

கஞ்சியை வைத்துவிட்டு வந்தேன்.

எதிர்க் கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் போனது. ஜெனரேட்டர் சத்தம் வரவில்லை. கமால் முற்றத்தில் அங்கும் இங்கும் ஓடினான். என்னைப் பார்த்தான். ஆனால் வந்து கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த ஒரு வரியைச் சேர்த்துக் கொடுத்திருப்பேன். இன்னொரு தேநீர் சொன்னேன்.

கடைசியில் பல மணி நேரம் கழித்து மின்சாரம் வந்து, "மீ லாபீ", கரண்ட் வந்துவிட்டது என்று தெருவே கூவியபோது மூன்று குழந்தைகள் போய்விட்டிருந்தன. ஒன்று ஹாஜராவுடையது.

ஃபைலில் பெயர் இருக்கிறது என்று கமாலைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அது தவறு, ஐயா. அவனுக்கு ஒரு ஃபங்ஷன்கூட எழுதத் தெரியாது. அந்த வரியைத் தெரிந்தே விட்டவன் நான்.

எழுதியவர் வாஜித் என்று திருத்திவிடுங்கள். ஆரம்பத்திலிருந்து நான் கேட்டது அது ஒன்றைத்தான்.