கரி போட்ட நிலம்

"நெலத்துக்குக் கரியா? அது இன்னா அடுப்பா மாமா?"

வாணியம்பாடி பஸ்ஸில் என் முன் சீட்டில் இருந்த இளைஞன் சிரித்தான். ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை முடிந்து வந்தவன். பக்கத்தில் அவன் அக்காள் புருஷன், காலடியில் கரித்தூள் மூட்டையோடு.

"யூரியாவோட கலந்து ஒரு பாத்திக்குப் போட்டோம். கேழ்வரகு நல்லா வந்துச்சு. மீதி நெலத்துக்கும் போடலாம்னு ஒங்க அக்காதான் வாங்கியாரச் சொன்னா."

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி கீது?"

"காலைல கெணத்துத் தண்ணிய வாயில ஊத்திப் பாத்தேன். கரிக்குது. ஒங்க ஷாப்பு கழிவுத் தண்ணி எறங்கிடுச்சுடா. இனிமே எதைப் போட்டாலும் வெளையாது."

இளைஞன் குனிந்து மூட்டையைப் பார்த்தான்.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"சொல்லல. நீயே வந்து சொல்லு."

அவர்கள் ஊர் வருமுன்பே, அடுத்த நிறுத்தத்தில் இளைஞன் மட்டும் இறங்கிக்கொண்டான்.