கழனிக்குப் போன தலை

காஞ்சிபுரம் பேருந்தில் ஜன்னல் ஓரம் என்னுடையது. யாருக்கும் விட்டுக் கொடுத்ததில்லை. முன் இருக்கையில் மடியில் புதுச் சல்லடையோடு ஒருவர், பக்கத்தில் இருந்த மைத்துனரிடம் சொன்னார்:

"தலையைக் குப்பைக்குழியில புதைச்சு வச்சேன் மச்சான். உன் தங்கச்சி எருவோட அள்ளிக் கழனியில கொட்டிட்டா."

"அடப்பாவி, யாரு தலை?"

"கடல்பன்னி தலை, டால்பின்னு சொல்றாங்களே அது. செத்துக் கரை ஒதுங்கினது. எங்க ஆராய்ச்சிக்கூடத்து அம்மா, சதை மக்கினதும் பல்லை எடுத்தாரச் சொன்னாங்க. பல்லை அறுத்துப் பார்த்தா அதோட வயசு தெரியுமாம்."

"மீனுக்கு வயசு தெரிஞ்சு இன்னா, பொண்ணு பார்க்கப் போறாங்களா மாப்ள?"

"மீன் இல்ல, குட்டி போட்டுப் பால் குடுக்கிறது. சிரிக்காத. பல்லு இல்லாம போனா என் வேலை போச்சு. கழனி மண்ணைச் சலிச்சாவது எடுக்கணும்."

"அவளையும் தேடச் சொல்லேன்."

"எப்படிச் சொல்றது? நான் ஓய்ஞ்சு வரேன்னு அத்தனை எருக்கூடையும் தனியாவே சுமந்துகிறா. 'உனக்கு ஒரு வேலை மிச்சம்'னு சிரிக்கிறா."

பென்னலூரில் இருவரும் இறங்கினார்கள். சல்லடை இப்போது மைத்துனர் கையில் இருந்தது.