கேளாமல் காத்த குரல்கள்

பேச்சு மருத்துவப் பிரிவின் கணினி அறைப் பொறுப்பிலிருந்து இன்று மாலை பணி நிறைவு பெறும் எங்கள் பூட்டு அக்கா அவர்களுக்கு, பிரிவின் பணியாளர்கள் பிரிய மனமின்றி வாசித்தளிக்கும் மடல்.

அன்பிற்குரிய அக்கா! பேசாமல் பணி செய்தவரே! பிறர் பேச்சைப் பேணிக் காத்தவரே!

அடுத்த விளியை எழுதப் போனபோது தங்கள் முகம் நினைவுக்கு வந்தது. முகத்துக்கு நேரே புகழ்ந்தால், கணினி அறையில் ஏதோ சத்தம் கேட்கிறது என்று தாங்கள் எழுந்து போய்விடுவீர்கள். ஆகவே தங்களைப் பற்றித் தங்களிடம் சொல்லப்போவதில்லை. தங்கள் கணவரும் மகளும் நாத்தனாரும் வந்திருக்கிறார்கள். அவர்களிடம் சொல்கிறோம். தாங்கள் உட்கார்ந்திருந்தால் போதும்.

அக்கா வேலையைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை என்று கேள்விப்பட்டோம். அவருடைய கணவர் நண்பர்களிடம், “கம்ப்யூட்டர்ல ஏதோ பூட்டுறா, திறக்குறா. வீட்டு பீரோவைத் திறந்தா மட்டும் மூட மாட்டா” என்று சொல்வாராம். முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதிக்கு நாங்கள் பொறுப்பல்ல.

குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டவர்கள் எங்கள் பிரிவுக்கு வருகிறார்கள். வெளிச்சத்தம் நுழையாதபடி சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய சிறிய அறை ஒன்று இருக்கிறது. அறுவைக்கு முன் அதில் தனியாக உட்கார்ந்து, பின்னாளில் என்னென்ன சொல்ல வேண்டியிருக்கும் என்று தோன்றுகிறதோ அதையெல்லாம் பேசிப் பதிவு செய்வார்கள். குரல் போன பிறகு அந்தப் பதிவைத் திறந்து, வேண்டிய வாக்கியங்களை வெட்டி, கைபேசியில் ஒவ்வொரு பொத்தானில் வைத்துக்கொள்ளலாம். பொத்தானை அழுத்தினால் அவர்களுடைய பழைய குரல் அவர்களுக்காகப் பேசும்.

பதிவு முடிந்ததும் அக்கா கறுப்புத் திரையைத் திறந்து ஒரே ஒரு கட்டளை வரியைத் தட்டுவார். இயந்திரம் கடவுச்சொல் கேட்கும். உரியவர் தட்டும்போது திரையில் ஒரு புள்ளிகூடத் தெரியாது. ஆனாலும் அறையில் இருக்கும் எல்லாரும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும் என்பது அக்கா வைத்த விதி. மறுமுறையும் கேட்கும், மறுமுறையும் தட்டுவார்கள். அதன்பின் அந்தக் குரல், எந்த மொழியிலும் சேராத எழுத்துக் குப்பை. திறந்திருந்த பிரதியை அக்கா உடனே அழித்துவிடுவார். கடவுச்சொல் இல்லாமல் மருத்துவரால் திறக்க முடியாது, அரசாங்கத்தால் திறக்க முடியாது, அக்காவாலும் முடியாது.

எல்லாவற்றையும் திறக்கும் பொதுச்சாவி ஒன்று பிரிவிடம் இருக்கட்டும் என்று பிரிவுத் தலைவர் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். “அந்த ரூமுக்குள்ள ஒருத்தர் தம்பியைத் திட்டியிருப்பார், ஒருத்தர் அழுதிருப்பார். நம்மகிட்ட சாவி இருக்குன்னு தெரிஞ்சா அவங்களுக்கு நாக்கு எழும்புமா சார்?” என்று அக்கா கேட்டார். தலைவர் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டார். இப்போது முன்வரிசையில் தலையாட்டிக்கொண்டிருப்பவர் அவர்தான்.

அந்த விதிக்கு ஒரு சோதனை வந்தது. அதைச் சொல்லத்தான் இத்தனை முன்னுரை.

மீன் சந்தையில் ஏலம் கூறுகிற ஒருவர் எங்களிடம் பதிவு செய்திருந்தார். குரலை வைத்துப் பிழைத்த மனிதர். குரல் போன பிறகு சிலேட்டு ஒன்றை வாங்கிக்கொண்டார். அவர் எழுதுவார், துணி தைக்கும் அவர் மனைவி படித்துப் பதில் சொல்வார். குடும்பம் அப்படியே ஓடிற்று. பதிவைத் திறக்க அவர் வரவேயில்லை. போன குரலைக் கேட்க மனசில்லை என்று எழுதிக் காட்டிவிட்டார்.

பிறகு மனைவிக்குக் கண் மங்கியது. முதலில் ஊசியின் காது தெரியவில்லை, பிறகு சிலேட்டில் எழுத்துத் தெரியவில்லை. இனித் திரும்பாது என்று கண் மருத்துவர் சொன்ன வாரத்தில் இருவரும் எங்கள் வாசலுக்கு வந்தார்கள். மனைவி நாற்காலியைக் கையால் தடவிப் பார்த்து உட்கார்ந்தார்.

“இவர் எழுதுறது எனக்குத் தெரியல. பேசவும் இவரால முடியல. நான் யாரோட குடும்பம் நடத்துறது, சொல்லுங்க” என்றார்.

அக்கா கட்டளையைத் தட்டினார். நாங்கள் சுவரைப் பார்த்தோம். ஏலக்காரர் கடவுச்சொல்லைத் தட்டினார். தவறு என்றது இயந்திரம். மெதுவாக, ஒரே விரலால் மறுபடி தட்டினார். மறுபடியும் தவறு.

மறந்துவிடுகிறவர்கள் உண்டு. அவர்களிடம் சொல்வதற்கென்றே எங்களிடம் ஒரு மென்மையான வாக்கியம் இருந்தது. பரவாயில்லை, நிறையப் பேருக்கு இப்படி ஆகிறது, வீட்டுக்குப் போய் நிதானமாக யோசித்துப் பாருங்கள் என்று. அக்காவும் அதைத்தான் தொடங்கினார்.

“சந்தையில எவன் என்னிக்கு என்ன விலைக்கு எடுத்தான்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவார். இதைப் போய் மறந்துட்டார் பாருங்க” என்றார் மனைவி. குரலில் கேலி இருந்தது. அதற்கு அடியில் இருந்தது கேலி இல்லை.

ஏலக்காரர் சிலேட்டில் எழுதி, மேசையில் ஓங்கித் தட்டினார். மனைவி சத்தம் வந்த திசையைப் பார்த்தார். அக்கா படித்துச் சொன்னார்: “மறக்கலைன்னு எழுதியிருக்கார்மா.”

மனைவியின் முகம் மாறிவிட்டது. எத்தனையோ நாளுக்குப் பிறகு கணவர் சொன்ன ஒன்று, சொன்ன அந்த நேரத்திலேயே அவரிடம் வந்து சேர்ந்திருந்தது. இன்னும் என்ன எழுதுகிறார் என்று கேட்டார். இது மறக்கிற சொல் இல்லை என்று எழுதுவதாக அக்கா சொன்னார். அதற்குள் ஏலக்காரர் சிலேட்டைத் துடைத்துவிட்டு, தன்னை நம்ப வைக்க, அந்தச் சொல்லையே எழுதத் தொடங்கினார்.

அக்கா சிலேட்டின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினார்.

“எழுதாதீங்க ஐயா. நான் நம்புறேன்.”

இயந்திரம் பொய் சொல்லாது, மனிதர்தான் மறப்பார் என்று நினைப்பது எங்கள் பழக்கம். அக்கா அந்த நொடியில் அதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். இவருக்குச் சொல் நினைவிருக்கிறது, கோப்பும் பூட்டிய நாளில் இருந்தபடியே சேதமில்லாமல் இருக்கிறது என்றால், மிச்சம் இருப்பது பூட்டுகிற நிரல்தான். இடையில் பழைய கணினியை மாற்றிப் புதியது வாங்கியிருந்தோம். புதியது வந்த அன்று அக்கா சோதித்தார். ஒரு கோப்பைப் பூட்டினார், திறந்தார், திறந்தது. தானே பூட்டியதைத் தானே திறப்பதில் அதற்கு என்ன கஷ்டம்? பழைய கணினி பூட்டியதைப் புதியது திறக்கிறதா என்று சோதிக்க வழியில்லை. எந்தப் பழைய கோப்பின் கடவுச்சொல்லும் எங்களிடம் கிடையாது. எது எங்கள் பெருமையோ, அதுவே எங்கள் கண்ணை மறைத்திருந்தது.

அக்கா அதே கறுப்புத் திரையில் நிரலின் கையேட்டைத் திறந்து, வரிவரியாகப் படித்தார். என்ன செய்கிறார் என்று மனைவி கேட்டார். படிக்கிறார் என்றார் எங்கள் பேச்சுப் பயிற்சியாளர். “இத்தனை வருஷமா படிக்கலையா?” என்றார் மனைவி. ஏலக்காரர் சிரித்தார். சத்தமில்லாத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது.

விஷயம் கையேட்டின் நடுவில் இருந்தது. நாம் தரும் கடவுச்சொல்லை நிரல் அப்படியே பயன்படுத்துவதில்லை. அதை அரைத்துப் பிசைந்து சாவியாக்கிக்கொள்கிறது. பழைய பதிப்பு அரைத்த விதம் வேறு, புதிய பதிப்பு அரைக்கிற விதம் வேறு. சொல் சரி, சாவி தப்பு. பழைய விதமாகவே அரை என்று கேட்டுக்கொண்டால் கேட்கும். அக்கா கட்டளை வரியின் கடைசியில் அந்தச் சிறு வேண்டுகோளைச் சேர்த்தார். நாங்கள் சுவரைப் பார்த்தோம். ஏலக்காரர் தட்டினார்.

இயந்திரம் எதுவும் சொல்லவில்லை. கறுப்புத் திரை வாயை மூடிக்கொண்டிருந்தால் காரியம் முடிந்தது என்று பொருள்.

அக்கா எங்களையும் அழைத்துக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினார். பதிவைக் கேட்பது உரியவர் மட்டும்தான். கதவில் சிறு கண்ணாடி இருக்கிறது. அதன் வழியே, மனைவி ஒலிபெருக்கியின் பக்கம் காதைச் சாய்த்திருப்பது தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் உதடுகள் அசைந்தன. பதில் சொல்லிக்கொண்டிருந்தார். கையை நீட்டி ஏதோ திட்டினார், முகத்தைத் துடைத்தார், மறுபடி பதில் சொன்னார். ஏலக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

அக்கா கதவின் கைப்பிடியில் கை வைத்தபடி நின்றார். திருப்பவில்லை. அவர் எதற்கும் ஆசைப்பட்டு நாங்கள் பார்த்ததில்லை. அன்று பார்த்தோம்.

போகும்போது மனைவி கேட்டார், உள்ளே வந்து கேட்டிருக்கலாமே என்று.

“கேக்கணும்னுதான் இருக்கு” என்றார் அக்கா. “ஒண்ணைக் கேட்டா, எல்லாத்தையும் கேக்கணும்னு தோணும். இங்க வேலை பாக்குற வரைக்கும் வேணாம்மா.”

புதுக் கணினி வந்த பிறகு, மறந்துவிட்டீர்கள் என்று நாங்கள் திருப்பி அனுப்பியவர்களை அக்கா அன்றே தொலைபேசியில் அழைக்கத் தொடங்கினார். எல்லாரிடமும் முதலில் சொன்னது ஒன்றுதான்: “நீங்க மறக்கலை.” மறுமுனையில் பேச முடியாதவர்கள். அவர்கள் மூச்சு விடுவது கேட்கும் வரை காத்திருந்து, பிறகு மற்றதைச் சொன்னார். அநேகமாக எல்லாரும் வந்து குரலை வாங்கிப் போனார்கள். ஒரு பள்ளி ஆசிரியை மட்டும் வரவில்லை. எங்களுக்குத் தொந்தரவு கொடுத்ததற்காக மன்னிப்பு எழுதிக் காட்டிவிட்டுப் போனவர். அவர் எண்ணை இப்போது வேறு யாரோ வைத்திருக்கிறார்கள். அவர் கோப்பு இருக்கிறது. வாசலில் நிழல் விழும்போதெல்லாம் அக்கா நிமிர்ந்து பார்ப்பதை நாங்கள் கண்டும் காணாததுபோல் இருந்தோம். இனி அந்த இடத்திலிருந்து நிமிர்ந்து பார்ப்பது எங்கள் வேலை.

அக்கா, இனித் தங்களிடம்.

நாளை காலை கணினி அறையில் விளக்கு எரியும். விசிறி சுற்றும். கட்டளைகளைத் தட்டத் தெரிந்தவர்கள் எங்களில் உண்டு, தாங்கள் பழக்கியதுதான். ஆனால் ஏதேனும் ஒன்று திறக்காதபோது, திரையை விட்டுவிட்டு எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்க்க எங்களுக்கு வருமா என்று தெரியவில்லை. வரும்வரை தங்களை நினைத்துக்கொண்டிருப்போம். வந்த பிறகும்தான்.

தாங்கள் நல்ல உடல்நலத்தோடு நீண்டகாலம் வாழ வேண்டும். யாரையும் எழுப்ப வேண்டாத காலைகளும், யாரும் கூப்பிட்டுக் கலைக்காத பகல்களும் தங்களுக்கு வாய்க்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. ஏலக்காரரும் அவர் மனைவியும் கூடத்தின் பின்பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள். அழைத்தது நாங்கள் அல்ல. சேதி கேள்விப்பட்டு அந்த அம்மாவே தொலைபேசியில் கேட்டார்: “அவங்க வேலை முடியுதுல்ல? இனிமே கேக்கலாம்ல?” கேட்கலாம் என்றோம். இந்த மடலை வாசித்து முடித்ததும் ஏலக்காரர் தங்கள் அருகில் வந்து ஒரு பொத்தானை அழுத்துவார். எது என்று எங்களுக்குத் தெரியாது. நாங்கள் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறோம்.

என்றும் தங்கள் அன்பை நாடும்,
பேச்சு மருத்துவப் பிரிவுப் பணியாளர்கள்