டோரீனுக்காகக் கட்டிய அறை

கூரையில் ஜன்னல் வைப்பவர்களிடம் மழைச் சத்தத்தைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. சின்னத் தூறல்கூடத் தகரத்தில் பட்டாணி கொட்டுவதுபோலக் கேட்கும். வீட்டை நீட்டிக் கட்ட நினைக்கிறவர்கள் என்னைக் கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன். நீங்கள் கேட்டது இதையல்ல என்று தெரியும். ஆனால் ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் ஒவ்வொரு முடிவும் எவ்வளவு யோசித்து எடுத்தது என்று உங்களுக்குப் புரியும்.

டோரீன் என் கணவர் நெவிலின் அம்மா. இடுப்பெலும்பு முறிந்த பிறகு நடமாட்டம் அநேகமாகப் போய்விட்டது. பர்ன்லி ஊரில் அவருக்கென்று இருந்த சின்ன வீட்டை விற்று, அந்தப் பணத்தை எங்களிடம் கொடுத்தார். எங்கள் சமையலறைக்குப் பின்னால், தோட்டத்தைப் பார்த்தபடி அவருக்கு ஓர் அறை. அதுதான் பேச்சு. பணம் அவருடையது. அதை நான் எந்த இடத்திலும் மறுத்ததில்லை.

"நீயே பாத்துக்கோ லொரெய்ன்," என்றார் நெவில். "ஜன்னல், கதவுன்னு பேச ஆரம்பிச்சாலே எனக்குத் தலை சுத்துது."

நானே பார்த்துக்கொண்டேன். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. சனிக்கிழமைகளில் கடை கடையாகப் போய்க் கண்ணாடிகளைத் தொட்டுப் பார்த்தேன். சும்மா வெளிச்சத்துக்கு மட்டும் பொருத்துவது ஒரு வகை, அது திறக்காது. கம்பு போட்டுத் தள்ளித் திறப்பது இன்னொரு வகை. எல்லாவற்றிலும் உசத்தி, பொத்தானை அழுத்தினால் திறந்து, மழை விழுந்தால் தானே மூடிக்கொள்வது. வெயிலைத் தடுக்க வெளிப்பக்கம் திரை வேண்டுமென்றால் அது தனிச் செலவு.

அறை கட்டி முடியும்வரை, அந்தக் குளிர்காலம் முழுக்க, டோரீன் எங்கள் முன்னறையில் ஒரு வாடகைக் கட்டிலில் படுத்திருந்தார். அந்த மாதங்களைச் சொல்லாமல் போனால் என்னைப் பற்றித் தப்பாக நினைப்பீர்கள். நான் சுத்தமாக வளர்ந்தவள். மாட்டிறைச்சி வறுக்கும்போது வடியும் கொழுப்பை அவர் கோப்பையில் கேட்டு வாங்கி, உறைந்ததும் விரலால் வழித்து ரொட்டியில் பூசித் தின்பார். நெவில் சந்தையில் வாங்கி வரும் மாட்டுக் குடலில் வினிகரை ஊற்றிப் படுக்கையிலேயே சாப்பிடுவார். கழற்றிய பல்செட்டைத் தேநீர்க் குவளையில் போட்டுவைப்பார், என் குவளையில். இதற்கெல்லாம் மேல் மூத்திர வாடை, அதை மறைக்கக் கொட்டும் ரோஜாப் பவுடர். இரண்டும் கலந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாது. என் கம்பளிச் சட்டைகளில் அது ஏறியது. ஒரு நாள் ரொட்டியைக் கடித்தபோது அதிலும் இருந்தது.

ஜன்னல் படங்களை அவரிடம் காட்டினேன். காட்டவில்லை என்று நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது.

"மூணு பெரிய கண்ணாடியா? நல்லாத்தான் இருக்கு," என்றார். "ஆனா ஒண்ணாவது தொறக்கணும் கண்ணு. ரயில் பாதையோரம் என் தோட்டத்துல கண்ணாடிக் கொட்டாய் இருந்துச்சே, அதுக்கு மேல ஒரு மூடி உண்டு. வெயில் நாள்ல அதைத் தொறக்க மறந்தேன்னு வை, சாயங்காலம் போனா தக்காளிச் செடியெல்லாம் வெந்து தொங்கும்."

"நீங்க தக்காளி இல்லையே டோரீன்."

"ஆமா. தக்காளியா இருந்தா வேளாவேளைக்குத் தண்ணியாவது ஊத்துவாங்க."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரித்ததில் பல்செட் நழுவிக் கையில் விழுந்தது. போர்வையில் துடைத்துத் திரும்ப மாட்டிக்கொண்டார். திறக்கும் ஜன்னலும் வெளித்திரையும் கட்டாயம் உண்டு என்று நான் வாக்குக் கொடுத்தேன். அப்போது அப்படித்தான் நினைத்தேன் என்றுகூட வைத்துக்கொள்ளலாம்.

அஸ்திவாரம் தோண்டியபோது மண் சரியில்லை. எந்தக் காலத்திலோ நிலக்கரி எடுத்த இடம். இன்னும் ஆழமாகத் தோண்டிச் சிமெண்டைக் கொட்டியதில் கையில் வைத்திருந்த உபரிப் பணம் கரைந்தது. எதையாவது குறைத்தாக வேண்டும். வீடு கட்டிய யாரைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள். முதலில் வெளித்திரையை எடுத்தேன். அடுத்து வெயிலைத் திருப்பி அனுப்பும் பூச்சு போட்ட கண்ணாடிக்குப் பதில் சாதாரணக் கண்ணாடி என்று மாற்றினேன். பிறகு, திறக்கும் ஜன்னலை எடுத்துவிட்டுத் திறக்காத வகையைப் போட்டேன்.

இந்தக் கடைசி முடிவு மட்டும் பணத்துக்காக எடுத்ததல்ல. உண்மையைச் சொல்லத்தானே வந்திருக்கிறேன். அந்தக் கூரை எங்கள் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழே வருகிறது. கீழே திறந்தால் வாடை நேராக மேலே ஏறும். என் தலையணைவரைக்கும். மிச்சமான பணத்தில் சமையல் மேடைக்குக் கறுப்புக் கல் போட்டேன். கறையே பிடிக்காது.

எங்கள் மேஸ்திரி ஷேன் வாய் ஓயாதவர். கண்ணாடிகளை இறக்கும்போது கேட்டார்: "வெயில் விழற தெக்குப் பக்கம் சாய்ஞ்ச கூரை, தொறக்காத கண்ணாடி. என்ன லொரெய்ன், மாமியாரைக் கேக் மாதிரி சுட்டு எடுக்கப் போறீங்களா?"

"நம்ம இங்கிலாந்துல எங்கே ஷேன் வெயில்?"

"அதுவும் சரிதான். வருஷத்துக்கு ரெண்டு நாள். அந்த ரெண்டு நாளும் எனக்கு லீவு குடுக்க மாட்டேங்கறாங்க."

இரண்டு பேரும் சிரித்தோம். எங்கள் ஊரில் வெயில் வந்தால் ஜனங்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அதன் பின்னாலேயே போவார்கள். வெளிச்சமான அறை என்றால் அதற்கு மேல் ஒரு பாராட்டும் கிடையாது. அறைக்கும் சமையலறைக்கும் நடுவிலுள்ள கதவைச் சுற்றி ரப்பர் விளிம்பு ஒட்டச் சொன்னபோதும் ஷேன் ஒன்றும் கேட்கவில்லை. தாழ்ப்பாளைச் சமையலறைப் பக்கம் போடச் சொன்னபோதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

"இது எதுக்கு இந்தப் பக்கம்?"

"காத்துல அடிச்சுக்கும்."

"தொறக்காத ஜன்னல் இருக்கற ரூம்ல காத்தா?" என்றார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு போட்டுக் கொடுத்தார்.

அறை நன்றாக வந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, டோரீன் கொடுத்துவைத்தவர் என்றார்கள். அறையிலிருந்து தோட்டத்துக்குப் போகும் கதவின் சாவியை நான் வைத்துக்கொண்டேன். வாசற்படியில் அவர் விழுந்துவிடக் கூடாதே. ஜன்னலை எப்படித் திறப்பது என்று அவர் கேட்டபோது ஒரு ரிமோட்டைக் கொடுத்தேன். எங்கள் பழைய டிவியுடையது. ஏமாற்ற வேண்டும் என்று இல்லை. கிழவி கையில் எதையாவது பிடித்துக்கொண்டிருந்தால் அமைதியாக இருப்பார் என்று நினைத்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

மே மாதம் வெயில் கொஞ்சம் அடித்தது. நெவில் அம்மாவைப் பார்க்கப் போனார்.

"டேய், இது வேலை செய்யல. கட்டை விரலே தேஞ்சு போச்சு."

"பாட்டரி தீர்ந்திருக்கும்மா."

நெவில் புது பாட்டரி வாங்கி வந்து போட்டார். அழுத்திப் பார்த்தார். மேலே பார்த்தார். "மோட்டார்ல ஏதோ கோளாறு போல. லொரெய்ன், ஷேனைக் கூப்பிட்டுச் சொல்லு," என்றார். சொல்கிறேன் என்றேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. அவரும் உள்ளே போனால் வாயால்தான் மூச்சு விடுவார். நான் கவனித்திருக்கிறேன். ஆகவே என்னை மட்டும் ஒரு மாதிரிப் பார்க்காதீர்கள்.

ஜூலையில் அந்த வெப்பம் வரும் என்று எல்லாரும் எச்சரித்தார்கள். ரயில் தண்டவாளமே வளையும் என்றார்கள். நெவில் நண்பர்களோடு மீன் பிடிக்க ஸ்காட்லாந்து போயிருந்தார். அங்கிருந்து கூப்பிட்டார்.

"அம்மாவைக் கொஞ்சம் பாத்துக்கோ. அங்கே வெயில் கொளுத்துதாமே."

"பாத்துக்கறேன்," என்றேன்.

மறுநாள் காலையில் கஞ்சி கொண்டுபோனேன். படுக்கையைப் பாழாக்கி வைத்திருந்தார். விரல்களில், கட்டில் சட்டத்தில், ரிமோட்டில்கூட. நான் எல்லாவற்றையும் சுத்தம் செய்தேன். இதை நீங்கள் தவறாமல் எழுதிக்கொள்ள வேண்டும். விரிப்பை மாற்றினேன், அவரைத் துடைத்துவிட்டேன், ரிமோட்டையும் துடைத்துக் கையில் கொடுத்தேன்.

"மன்னிச்சுக்கோ கண்ணு," என்றார். "எனக்கே தெரியாம ஆயிடுச்சு."

மூச்சைப் பிடித்துக்கொண்டேன். தண்ணீர்க் கூஜாவைக் கழுவ எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அவருடைய போன் ஏற்கெனவே சமையலறையில் சார்ஜில் இருந்தது. கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாளைப் போட்டேன். தோல் எரியும்வரை கையைக் கழுவினேன்.

வானொலியில், வெப்பம் உள்ளே வராதிருக்க ஜன்னல் கதவுகளை மூடியே வையுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். மூடித்தான் வைத்திருந்தேன். அரசாங்கம் சொன்னதைக் கேட்டது குற்றம் என்றால் இந்த ஊரில் பாதிப் பேர் இங்கே வந்து உட்கார வேண்டும்.

கூஜாவைப் பற்றிக் கேட்டீர்கள். கழுவி நிரப்பி ஐஸ்கூடப் போட்டேன். மேடையிலேயே இருந்தது. வெளியே முத்து முத்தாக வேர்த்து, கறுப்புக் கல்லில் வட்டமாக ஈரம் தேங்கியது. அதைத் துடைத்தேன். மறுபடி தேங்கியது, மறுபடி துடைத்தேன். அன்றைக்கு அந்தக் கல் எவ்வளவு குளிர்ச்சி தெரியுமா? முழங்கையை ஊன்றிக்கொண்டு, எதிரில் மின்விசிறியை வைத்துக்கொண்டு, ஒரு சாக்லேட் ஐஸ்கிரீம் சாப்பிட்டேன். அவர் வந்த பிறகு அந்த வீட்டில் எதன் வாடையும் இல்லாமல் நான் சாப்பிட்டது அன்றைக்குத்தான். ரப்பர் விளிம்பு கொடுத்த காசுக்கு வேலை செய்தது.

பக்கத்து வீட்டுக் கூரைக்குப் பின்னால் சூரியன் இறங்கிய பிறகு கதவைத் திறந்தேன். அடுப்புக் கதவைத் திறந்ததுபோல முகத்தில் அடித்தது. டோரீன் மேலே கண்ணாடியை இமைக்காமல் பார்த்தபடி கிடந்தார். கட்டை விரல் பொத்தான்மேலேயே இருந்தது. வாடை நான் நினைத்ததைவிட மோசம். இந்த அறைக்குத் திறக்கும் ஜன்னலே வைத்திருக்கலாம் என்று அப்போதுதான் முதல் தடவையாக எனக்குத் தோன்றியது.

வேண்டுமென்று செய்தாயா என்று கேட்கிறீர்கள். வாக்குக் கொடுத்த ஜன்னலை எடுத்தது நான். தாழ்ப்பாளைப் போட்டது நான். தண்ணீர் என் பக்கம் இருந்தது. இவ்வளவையும் ஒப்புக்கொள்கிறேன்; கையெழுத்தும் போடுகிறேன். ஆனால் நான் கொடுமைக்காரி அல்ல. எனக்குப் பிடிக்காதது, அவர் கட்டில் சட்டத்தைத் தட்டித் தட்டி, என் பெயரைச் சொல்லிக் கத்தியது. "என் பணத்துல கட்டின ரூம்" என்று கத்தியது. அப்படிக் கத்துகிறவர்களுக்குக் கதவு திறக்க எனக்கு மனசு வராது. நான் வளர்ந்த வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை. ஒரே ஒரு தடவை ப்ளீஸ் என்று சொல்லியிருந்தால், சத்தியமாக, எழுந்து போய்த் திறந்திருப்பேன்.

சொன்னாரா என்றா கேட்கிறீர்கள்?

சொன்னார். மத்தியானத்துக்குப் பிறகு அதை மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.