கேட்காமல் குறைத்த விலை

நீங்கள் வாங்கிக் கொடுத்த தே தாரே டீயில் சீனி கொஞ்சம் தூக்கல், இன்ஸ்பெக்டர் சார். பரவாயில்லை. சும்மா வந்ததைக் குறை சொல்லி எனக்குப் பழக்கமில்லை. குறை சொல்வதும் விலை பேசுவதும் காசு கொடுக்கிறவர்களின் உரிமை.

நேற்று மழையில் கார் விபத்தில் இறந்துபோன சிவநேசனின் காருக்கு டயர் போட்டது நானா என்று கேட்டீர்கள். நான்தான். கிள்ளானில், அவர் வீட்டு போர்ச்சில் வைத்துப் போட்டேன். வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் தேடிப் போய் டயர் மாற்றிக் கொடுப்பதுதான் இந்தக் கிஃபாயத்துல்லாவின் பிழைப்பு. ஜாக்கி, காற்றுப் பம்பு, டயர் கழற்றும் மெஷின் எல்லாம் வேனிலேயே இருக்கின்றன. ஆனால் அவருடைய மனைவி குமுதாவிலிருந்து தொடங்கினால்தான் கணக்குச் சரியாக வரும். அவரைப் பற்றி இதுவரை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

அதற்கு முன் எங்கள் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். பிரிக்ஃபீல்ட்ஸில் என் வாப்பா ஷம்சுதீன் துணிக்கடை வைத்திருந்தார். வந்தவர் சேலைக்கு ரொம்ப விலை குறைத்துக் கேட்டால் வாப்பா முகம் கோணாமல் சம்மதிப்பார். கடை ஆளைப் பார்த்து, "உள்ளேருந்து புதுசு எடுத்து மடிச்சுக் குடு" என்பார். உள்ளேயிருந்து வருவது அதே நிறம், அதே கரை. நூல் மட்டும் வேறு. வந்தவர் ஜெயித்த சந்தோஷத்தோடு போவார். விலை இறங்கினால் சரக்கும் இறங்கும், அவ்வளவுதான். இதை ஏமாற்று என்று நான் நினைத்ததே இல்லை. முகத்துக்கு நேரே 'முடியாது' என்று சொல்லாத மரியாதை என்றே நினைத்தேன்.

வேனிலும் அதே ஏற்பாடுதான். கதவோரம் புது டயர்கள். உள்ளே, பம்புக்கு அந்தப் பக்கம், மேரு ஊரில் ஒரு கொட்டகையில் வருஷக்கணக்காக வெயிலில் காய்ந்து கிடந்தவை. கறுப்பு பாலீஷ் தேய்த்தால் பளபளவென்று ஆகிவிடும். எந்த வருஷம் செய்த டயர் என்பதற்கு அதன் ஒரு பக்கத்தில் எண் இருக்கும். அந்தப் பக்கத்தை உள்முகமாகத் திருப்பி மாட்டினால், காருக்கு அடியில் படுத்துப் பார்ப்பவருக்குத்தான் தெரியும். சட்டையை அழுக்காக்கிக்கொள்ள யாருக்கும் மனம் வருவதில்லை.

குமுதா நன்றாகப் பேரம் பேசுவார். அப்படிப்பட்டவர்களை எனக்குப் பிடிக்கும்.

"என்ன பாஸ், டயருக்கு விலை சொல்றீங்களா, காருக்கே சொல்றீங்களா?"

"கடைக்குப் போனா நீங்கதான் வெயில்ல நிக்கணும் அக்கா. இங்க நான் நிக்கிறேன்."

"நீங்க நிக்கிறது எங்க வீட்டு நிழல்ல. அதுக்கு வாடகை கழிங்க. இன்னும் கொஞ்சம் லா."

சிரித்துவிட்டேன். இறங்கினேன். மறுபடியும் "இன்னும் கொஞ்சம் லா" என்றார். மறுபடியும் இறங்கினேன். கடைசியில் வீட்டுக்குள் திரும்பி, "என்னங்க, பாஸ்கிட்ட ஜெயிச்சிட்டேன்" என்றார். கதவோரத்து டயர்மேல் வைத்திருந்த கையை எடுத்துக்கொண்டு நான் வேனுக்குள் ஏறினேன்.

மாட்டிக்கொண்டிருக்கும்போது, வெள்ளிக்கிழமை ஜெஞ்சாரோமுக்கு அம்மாவைப் பார்க்கப் போவதாகச் சொன்னார். "மெதுவாப் போங்கக்கா" என்றேன். சொன்னேன், சார். அவர் கேட்டிருக்கலாம்.

ஜெஞ்சாரோம் சாலையில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே முன்டயர் வெடித்து, எதிரே வந்த லோரியில் போய் மோதி அங்கேயே இறந்துபோனார். வேகமாகப் போயிருப்பார் என்று பேசிக்கொண்டார்கள். இருக்கலாம்.

அதன் பிறகுதான் என் பம்பில் கோளாறு. நிறுத்தியதும் கடைசிக் காற்று இறங்கும்போது "இன்னும் கொஞ்சம் லா" என்று கேட்கும். பிரித்துப் பார்த்தேன். குழாயை மாற்றினேன். வேறு பம்பே வாங்கினேன். அதற்கும் அவர் குரல்தான். பங்சாரில் ஓர் ஆபீஸ் வாசலில், பட்டப்பகலில், "இதுக்கு மேல முடியாதுக்கா" என்று நான் சொன்னதைக் கேட்டு, கார்க்காரர் "யாருகிட்ட பேசுறீங்க அங்கிள்?" என்றார். கஸ்டமர் என்றேன்.

ஒருநாள் போன் அடித்தது. திரையில் "குமுதா அக்கா." எடுத்தேன். பேசியது சிவநேசன்.

"அண்ணே, குமுதா வீட்டுக்காரர் பேசுறேன். என் வண்டிக்கு டயர் மாத்தணும். மழையா இருக்கு. மகள ஸ்கூலுக்கு ஏத்திட்டுப் போறேன், பயமா இருக்கு."

"பக்கத்துல கடை இல்லையா?"

"அவ நம்பின ஆளு நீங்கதான் அண்ணே."

போனேன். இவருக்குக் கதவோரத்து டயர்தான் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன், அல்லாஹ் சாட்சி. இறக்கி, போர்ச்சில் உருட்டியும் வைத்தேன். நியாயமான விலை சொன்னேன். "சரிண்ணே" என்றார். அவர் மகள் ரேஷ்மா படியில் உட்கார்ந்து காலில் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தாள். பம்பை நான் இன்னும் போடவே இல்லை. இருந்தாலும் வாசற்கதவுப் பக்கமிருந்து கேட்டது: இன்னும் கொஞ்சம் லா.

குறைத்தேன்.

"வேணாண்ணே, சொன்னதையே தரேன்" என்றார் சிவநேசன். நான் பேசிக்கொண்டிருந்தது அவரிடம் இல்லை. மறுபடியும் கேட்டது, மறுபடியும் குறைத்தேன். குரல் நிற்கும்வரை குறைத்தேன். குமுதாவுக்குக் கொடுத்த அதே விலையில் வந்து நின்றது. வீட்டுக்குள் யாரோ சிரித்த மாதிரி இருந்தது. சிவநேசன் கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்த விலைக்கு எந்தச் சரக்கு என்று இப்போது உங்களுக்கே தெரியும். புது டயர்களை உருட்டிக்கொண்டு போய் வேனில் ஏற்றினேன். உள்ளேயிருந்து நாலு எடுத்து வந்தேன். எண் உள்பக்கம்.

பின்சீட்டில் இருந்த ரேஷ்மா ஆஸ்பத்திரியில் கண் திறந்துவிட்டாள் என்றீர்கள். அல்ஹம்துலில்லாஹ். வளர்ந்ததும், அந்த டயரைப் போட்டவன் யார் என்று நிச்சயம் கேட்பாள். அதனால் இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், சார். அவள் அப்பா ஒரு வார்த்தை பேரம் பேசவில்லை. நானாகத்தான் குறைத்துக் கொடுத்தேன்.