ஸ்டீயரிங்கில் ஒட்டிய சீட்டு

கார் கழுவுவதற்கு நல்ல நேரம் காலை ஏழு மணிக்குள். வெயில் ஏறிவிட்டால் சோப்புத் தண்ணீர் பெயிண்டின் மேலேயே காய்ந்து வட்டம் வட்டமாகக் கறை பிடித்துவிடும். அப்புறம் என்ன தேய்த்தாலும் போகாது. அதனால் அன்றைக்கும் ஆறு மணிக்கெல்லாம் ஷெட்டைத் திறந்துவிட்டேன் என்று உங்களிடம் சொன்னேன் அல்லவா அய்யா, அது உண்மை. உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் எழுதி, என் பெருவிரலை வாங்கிக்கொண்ட நாலு பக்கத்தில் பெரும்பாலும் உண்மைதான். ஒரே ஓர் இடம் தவறு. அதைச் சரிசெய்யத்தான் இதை எழுதுகிறேன்.

உட்கார்ந்து எழுத முடியவில்லை. நாலு வரி எழுதினால் கால் எழுந்து நடக்கச் சொல்கிறது. வாசல் வரைக்கும் போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்ப வருகிறேன். எழுத்து ஓர் இடத்தில் பெரிதாகவும் ஓர் இடத்தில் சின்னதாகவும் இருந்தால் அதனால்தான்.

பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து அரூர் போகிற ரோட்டில் பூவரசன் தம்பியின் ஷெட் உங்களுக்குத் தெரியும். அவர் என்ஜினியரிங் படித்தவர். பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு வந்து, லேப்டாப்பைக் காரில் மாட்டி எஞ்சினுக்குப் புத்தி சொல்கிற வேலையைச் செய்தார். ஸ்பேனர் பிடிக்கிற வேலையெல்லாம் மாதேஸ்வரன் அண்ணனுடையது. அவர் ஹெட் மெக்கானிக், என் ஊர்க்காரர், என்னைவிட மூன்று வயது பெரியவர். நான் கார் கழுவுவேன், கூட்டுவேன், கனம் தூக்குவேன், கேட் திறந்து மூடுவேன்.

எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம் இருந்தது. வேலை முடியாத வண்டியின் ஸ்டீயரிங்கில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். என்ன பாக்கி, யார் பார்க்கிறார்கள் என்று தமிழில் எழுதியிருக்கும். சீட்டு இருந்தால் வண்டியைத் தொடக் கூடாது. சீட்டு இல்லையென்றால் வண்டி ரெடி, சாவியைக் கொடுத்துவிடலாம். பூவரசன் தம்பி கொண்டுவந்த வழக்கம். யாரும் யாரையும் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

ஷெட்டில் என் பெயர் முனிராஜ் இல்லை. கைநாட்டு. மாதேசண்ணன் வைத்த பெயர். "டேய் கைநாட்டு, ஜாக்கிய எடு." "கைநாட்டு, டீ சொல்லிட்டு வா." அவர் கெட்ட எண்ணத்தில் கூப்பிடவில்லை. வாய் அப்படி. எனக்கு அவர்மேல் கோபம் எதுவும் கிடையாது. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் ஊர் சமுதாயக் கூடத்தில் சாயங்காலம் முதியோர் வகுப்பு ஆரம்பித்தார்கள். பதினெட்டுப் பெண்கள், ஆண்பிள்ளையில் நான் ஒருவன். நிர்மலா டீச்சர் என் கையைப் பிடித்து 'மு' எழுத வைத்தபோது எனக்கு ஐம்பத்திரண்டு. ஷெட்டில் யாருக்கும் சொல்லவில்லை. ஆயுத பூஜை அன்றைக்குப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு எல்லோரையும் வாயடைக்க வேண்டும் என்று வைத்திருந்தேன். 'முனிராஜ்' என்று மூன்று மாதம் எழுதிப் பழகினேன். 'ரா'வுக்குப் பிறகு 'ஜ்' எனக்கு நிற்கவே நிற்காது. பிறகு நின்றது.

ஆயுத பூஜை அன்றைக்குப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். பேனாவை எடுப்பதற்குள் மாதேசண்ணன் என் கையைப் பிடித்து, பெருவிரலை மைப்பெட்டியில் அழுத்திப் பதிவேட்டில் ஒற்றிவிட்டார். மிச்சம் இருந்த மையை என் நெற்றியிலேயே தேய்த்தார். "பாருங்கடா, எஞ்சினுக்கெல்லாம் பொட்டு வெச்சாச்சு, இவனை மட்டும் வுட்டுட்டோம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பேனா பையிலேயே இருந்தது.

அதற்குப் பிறகு தை மாதத்தில் அந்த வெள்ளைக் கார் வந்தது. மாம்பழக் கூழ் கம்பெனிக்காரர் மகன் முருகேஷ் தம்பியுடையது. பார்க்கச் சின்ன வண்டி. எஞ்சினில் மட்டும் மூன்று வண்டியின் பலம். அந்தப் பையனுக்கு ஒரு நிமிடம் ஓர் இடத்தில் நிற்க வராது. பானெட்டைத் தட்டுவான், டயரை உதைப்பான், போனை எடுப்பான், வைப்பான். அவனுக்கு லாஞ்ச் கன்ட்ரோல் வேண்டும்.

பூவரசன் தம்பி எனக்கும் விளக்கிச் சொன்னார். எனக்கு விளக்கிச் சொல்கிற ஒரே ஆள் அவர்தான். "அண்ணா, கியர் வண்டில கெளப்பறப்பதான் நேரம் போவும். கிளட்சையும் முழுசா மிதிச்சு, ஆக்சிலேட்டரையும் முழுசா மிதிச்சா எஞ்சின் கத்திக்கிட்டு மேல போயிரும். அத நிமிசத்துக்கு நாலாயிரம் சுத்துலயே புடிச்சு நிக்க வெக்கணும். கம்ப்யூட்டரு தீப்பொறிய வெட்டி வெட்டி வுடும். கிளட்சை வுட்டதும் ஒரே பாய்ச்சல்."

பன்னிரண்டு நாள் அந்த வேலை. கிளட்ச் பெடலுக்கு அடியில் ஒரு சின்ன சுவிட்ச் வைத்தார். பெடல் அடிவரை போனால்தான் அது அழுந்தும். அது அழுந்தியிருந்து, வண்டியும் அசையாமல் நின்றால்தான் கம்ப்யூட்டர் எஞ்சினைப் பிடித்து வைக்கும். வண்டி நகர்ந்துவிட்டால் பிடி விட்டுவிடும், முழு பலமும் சக்கரத்துக்குப் போகும். அவர் கீழே தலையை விட்டுச் சுவிட்சைத் திருக, நான் சீட்டில் உட்கார்ந்து மிதிப்பேன். "மிதிங்கண்ணா. வுடுங்க. மறுக்கா மிதிங்க." முதலில் மூவாயிரத்தில் வைத்தார், வண்டி திணறி நின்றுபோனது. நாலாயிரத்து ஐந்நூறில் சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்றிப் புகைந்தது. கடைசியில் நாலாயிரம் சரியாக வந்தது. அந்தப் பெடலின் கனம் என் பாதத்துக்கு மனப்பாடம்.

ஒரு நாள் தரையைக் கழுவும்போது அந்த வண்டிக்கு அடியில் ஈரம் பார்த்தேன். தொட்டேன், பிசுபிசுத்தது. மாதேசண்ணனிடம் சொன்னேன்.

"ஏசித் தண்ணிடா."

"ஏசித் தண்ணி கையில ஒட்டாதுங்களேண்ணா."

"அடேங்கப்பா. கைநாட்டு வைத்தியம் பாக்குது, எல்லாரும் தள்ளி நில்லுங்கடா. போயி வண்டியக் கழுவுடா."

போய்க் கழுவினேன்.

அதற்கு மூன்றாம் நாள் சாயங்காலம் பூவரசன் தம்பி பெடலை மிதித்துப் பார்த்தார், முகம் மாறியது. கீழே படுத்துப் பார்த்துவிட்டு வந்தார். அன்றைக்கு மாதேசண்ணன் தீர்த்தமலைக் கோயிலுக்குப் போய்விட்டார். மற்ற பையன்களும் கிளம்பியாயிற்று. நாங்கள் இரண்டு பேர்தான்.

"கிளட்ச் ஆயில் ஒழுவுதுண்ணா. உள்ள இருக்கற ரப்பர் சீல் போயிருச்சு."

"நான் அன்னைக்கே மாதேசண்ணங்கிட்ட சொன்னேனுங்க தம்பி."

"நீங்க கரெக்டா சொல்லியிருக்கீங்க. என் காதுக்கு வரலயே. இது எவ்ளோ டேஞ்சர் தெரியுங்களா? மிதிச்சவன் கால் அடியிலதான் இருக்கும், சுவிட்சும் அழுந்தித்தான் இருக்கும். ஆனா உள்ள ஆயில் ஒழுவி, பத்து எண்றதுக்குள்ள பிளேட்டு தானா புடிச்சிரும். வண்டி பாஞ்சிரும். மிதிச்சவனுக்கே தெரியாது."

நான் சொன்னது சரி என்று அவர் சொன்னார். வேறு யாரும் அதைக் கேட்கவில்லை.

மாதேசண்ணனுக்குப் போன் அடித்தார், எடுக்கவில்லை. "பரவால்ல, சீட்டு இருக்குல்ல" என்று சொல்லி, ஒரு சீட்டு எழுதி ஸ்டீயரிங்கில் ஒட்டிவிட்டு, சீல் வாங்க அப்போதே பெங்களூருக்குக் கிளம்பிவிட்டார். மறுநாள் மத்தியானம் வந்துவிடுவதாகச் சொன்னார்.

காலையில் அந்த வண்டியைத்தான் முதலில் கழுவினேன். உள்ளே துடைக்கும்போது சீட்டைப் பார்த்தேன். ஈரத்துணி பட்டால் மை கலங்கும் என்று பிய்த்து எடுத்தேன். எடுத்ததும் படித்தேன். எழுத்து எழுத்தாக, உதட்டை அசைத்து. "கிளட்ச் ஆயில் கசிகிறது. கியரில் போட்டு நிற்கக் கூடாது. லாஞ்ச் போடவே கூடாது. நான் வரும்வரை தொட வேண்டாம். பூவரசன்." டீச்சர் பக்கத்தில் இல்லாமல், முதலிலிருந்து கடைசி வரைக்கும் நானாகப் படித்த முதல் தாள் அதுதான் அய்யா. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறுபடி படித்தேன். மூன்றாவது தடவை தடங்கல் இல்லாமல் வந்தது. மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். துடைத்து முடித்ததும் ஒட்டிவிடலாம் என்றுதான் வைத்தேன்.

எட்டு மணிக்கு முருகேஷ் தம்பி வந்துவிட்டான். அன்றைக்கு வீடியோ எடுத்துப் போட வேண்டுமாம். கோயில் விபூதியோடு மாதேசண்ணனும் வந்தார், கையில் எலுமிச்சம்பழம். பழம் வைக்காமல் அவர் எந்த வண்டியையும் ஷெட்டை விட்டு அனுப்ப மாட்டார். சக்கரத்துக்கு முன்னால் வைத்து நசுக்கிக்கொண்டு போக வேண்டும். பையனுக்கு அது பிடித்துவிட்டது. "மாதேசண்ணா, எஞ்சின் பட்டுபட்டுனு வெடிச்சுக்கிட்டு இருக்கறப்ப நீங்க பழம் வைங்க. நீங்க கை காட்டுனதும் வுட்டுர்றேன். செம வீடியோவா இருக்கும்."

"ரெடி ஆயிருச்சா முதல்ல?" என்று மாதேசண்ணன் கண்ணாடி வழியாக ஸ்டீயரிங்கைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "டேய் கைநாட்டு, சீட்டு எதாச்சும் ஒட்டியிருந்துச்சா?"

நான் பைக்குள் கையை விட்டேன். தாள் விரலில் பட்டது.

அவர் காத்திருக்கவில்லை. "யாரப் போயி கேக்கறேன் பாரு. சீட்டு இருந்தாலும் உனக்கு அது கோழி கிண்டுன குப்பைதானேடா." பையன் சிரித்தான்.

நான் கையை வெளியே எடுத்தேன். "எனக்கென்னங்கண்ணா தெரியும். நான் கைநாட்டு" என்றேன்.

அவருக்குப் பிடித்த பதில் அது. என் தோளில் தட்டிவிட்டுத்தான் போனார்.

நான் கேட்டைத் திறந்துவிட்டு ஓரமாக நின்றேன். முருகேஷ் தம்பி கியர் போட்டு, இரண்டு காலையும் அழுத்தினான். எஞ்சின் நாலாயிரத்தில் நின்று வெடிக்க ஆரம்பித்தது. மாதேசண்ணன் வண்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு இடது சக்கரத்துக்குப் பழம் வைத்தார். நான் எண்ண ஆரம்பித்தேன். படிக்க வருவதற்கு வெகு காலம் முன்பே எனக்கு எண்ண வரும்.

மூன்றில் பழம் உருண்டது. வண்டி அதிர்கிற அதிர்வில் தரையே நடுங்கியது. எடுத்து மறுபடி வைத்தார். ஆறில் மறுபடி உருண்டது. "பழத்துக்கே அவசரம்டா" என்று என்னைப் பார்த்துச் சொல்லிச் சிரித்தார். எட்டில் அதை எட்டிப் பிடித்துக் கையாலேயே அமுக்கிக்கொண்டார்.

ஒன்பதில் வண்டி பாய்ந்தது. பூவரசன் தம்பி பத்து என்றது கொஞ்சம் கூடுதல்.

கேட் தூணில் மோதித்தான் நின்றது. பையன் இறங்கவே இல்லை. "மிதிச்சுத்தான் இருக்கேன், மிதிச்சுத்தான் இருக்கேன்" என்று அழுதான். அவன் சொன்னது பொய்யில்லை அய்யா. மாதேசண்ணனைத் தூக்கி ஆம்புலன்ஸில் வைத்ததில் நானும் ஒருவன். உயிர் அப்போதே இல்லை. தரையை நான்தான் கழுவினேன். வெயில் ஏறிவிட்டதால் கறை சரியாகப் போகவில்லை.

சீட்டு ஒட்டினேன் என்று பூவரசன் தம்பி சொன்னார், நீங்கள் நம்பவில்லை. என்னைக் கேட்டீர்கள். படிக்கத் தெரியாதவனுக்குச் சீட்டைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்களே சொல்லி, ரைட்டரும் அப்படியே எழுதினார். பூவரசன் தம்பியை ஜெயிலில் வைத்துப் பத்தொன்பது நாள் ஆகிறது. போன வாரம் அவர் அம்மா ஜானகியம்மாள் என் வீட்டுக்கு வந்து அழுதார்கள். "உன் கண்ணுல பட்டுச்சாப்பா அந்தச் சீட்டு? உன்னைக் கேட்டு என்ன பண்ண, பட்டாலும் உனக்கு எழுத்து தெரியாதே" என்றார்கள். தண்ணீர் கொடுத்து அனுப்பினேன். அன்றிலிருந்துதான் இந்தக் கால் நிற்க மாட்டேன் என்கிறது.

ஆகையால் எழுதுகிறேன். சீட்டு இருந்தது. எடுத்தது நான். படித்ததும் நான். கேட்டபோது மறைத்ததும் நான். இரண்டு தடவை பழம் உருண்டது, இரண்டு தடவையும் கத்தியிருக்கலாம், கத்தவில்லை. மாதேஸ்வரன் அண்ணனைக் கொன்றது நான்தான். அந்தச் சீட்டை இதோடு பின் குத்தியிருக்கிறேன். பூவரசன் தம்பியை விட்டுவிடுங்கள். அவருக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன், வேறு எதற்காகவும் இல்லை. கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். 'ஜ்' நன்றாக வந்திருக்கிறது.

இன்னும் ஒன்று. அரூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நாலு நாளுக்கு முன்னால் பேப்பர் பார்த்தேன். எட்டாம் பக்கத்தில், கீழே, இந்த வழக்கைப் பற்றிப் போட்டிருக்கிறார்கள். அதில் 'எழுதப் படிக்கத் தெரியாத கூலித் தொழிலாளி முனிராஜ் (54)' என்று இருக்கிறது. அடுத்த முறை போடும்போது, கொலைகாரன் என்று வேண்டுமானால் போட்டுக்கொள்ளட்டும் அய்யா, அந்த ஒரு வரியை மட்டும் மாற்றிப் போடச் சொல்லுங்கள்.