டேஸ்டர் பாண்டித்துரையின் நாக்கு

நான் பொதுவாக எதையும் விழுங்குவதில்லை, நிமி மேடம். உறிஞ்சுவேன், நாக்கில் புரட்டுவேன், துப்பிவிடுவேன். தேயிலைத் தொழிற்சாலையில் டேஸ்டர் வேலை அப்படித்தான். வீட்டில் என் மனைவி முருகேஸ்வரி வைத்த மீன்குழம்பையும் ஒருமுறை அப்படிப் பார்த்துவிட்டு, கொஞ்ச நாள் கேண்டீனில் சாப்பிட்டேன்.

ஜோபி உங்கள் ரிசார்ட்டுக்காக லாகர் பீர் காய்ச்சியிருந்தது எனக்குத் தெரியும். இன்று மாலை நீங்கள் குடித்துப் பார்த்துச் சரி என்றால்தான் அவனுக்கு வேலை. இல்லையென்றால் ஆனைக்கரையில் அப்பாவின் ஏலக்காய் ஸ்டோருக்கே அவன் திரும்ப வேண்டும். அவனே சொன்னான்.

"அண்ணா, உங்களெப்போல ஒரு நாக்கு இந்த மலையில வேற இல்லா. ஒண்ணு பார்த்துச் சொல்லணும்."

இப்படிக் கூப்பிட்டால் எப்படிப் போகாமல் இருப்பது?

கிளாஸை நீட்டினான். நிறம் நன்றாகவே இருந்தது, இளம் பொன். மேலே அழுக்குப்போல் நுரை நின்றது. ஸ்பூனால் வழித்து எறிந்தேன். ஐஸ்போல் சில்லிட்டிருந்தது, நாக்கு மரத்துவிடுமே என்று அடுப்பில் வைத்துச் சூடாக்கினேன். அப்போது ஜோபி கண்ணை மூடிக்கொண்டான். பக்தி என்று நினைத்தேன்.

முகர்ந்தேன். எலுமிச்சைத் தோல், பைன் மரம், வெட்டிய புல். உறிஞ்சினேன். கசப்பு அடிநாக்கில் போய் உட்கார்ந்துகொண்டது. தேயிலையில் புல் வாடை வந்தால் இலையைச் சரியாக வாட்டவில்லை என்று அர்த்தம்.

"தம்பி, இல வாடல. பச்ச வாடை அடிக்குதுல்ல?" என்றேன்.

"அண்ணா, அது பீர்ல போடுற ஹாப்ஸ் பூவோட மணமாக்கும். அதுக்காகத்தான் ஆளுங்க இதக் குடிக்கிறதே. இது சாயா ஒண்ணும் இல்லா."

எனக்குக் கோபம் வரவில்லை. டீ முதலாளிகளெல்லாம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். ஒருவரும் இதுவரை எனக்குச் சாயா எது என்று சொல்லித் தந்ததில்லை. அவ்வளவுதான். லேசாக வலித்தது.

எங்கள் தொழிலில் கடைசிச் சோதனை பால். நல்ல டீ பால் விட்டதும் செம்பு நிறத்தில் பளிச்சென்று எழும்பும். கிளாஸில் ஒரு சொட்டு விட்டேன். திரிந்துபோனது. வேறு யாராக இருந்தாலும் அத்தோடு நிறுத்தியிருப்பார்கள். ஆனால் ஒரு கிளாஸை வைத்து ஒருவனுடைய உழைப்பைத் தீர்மானிப்பது நியாயமா, சொல்லுங்கள். மொத்தத்தையும் பார்க்க வேண்டாமா?

ஜோபியை வறுத்த கடலை வாங்க அனுப்பினேன். பீர்த் தொட்டியின் மூடியைத் திறந்தேன். என் ஜீப்பில் ஒரு கேன் பால் இருந்தது. கிளாஸுக்கு ஒரு கரண்டி போதுமே, கேன் எதற்கு என்று கேட்கிறீர்கள். கிளம்பும்போதே எனக்கு இந்தப் பீர்மேல் நம்பிக்கை இல்லை. வேறொன்றுமில்லை.

முழுவதையும் ஊற்றினேன். நிதானமாகக் கிளறினேன். கட்டிகட்டியாக மிதந்தது. மணத்துக்கு இருக்கட்டும் என்று ஏலக்காயும் தட்டிப் போட்டேன்.

ஜோபி கடலைப் பொட்டலத்தோடு வந்து தொட்டிக்குள் எட்டிப் பார்த்தான். தரையில் உட்கார்ந்தவன் இன்னும் எழுந்திருக்கவில்லை. பிள்ளை பாவம்தான், எனக்கும் கஷ்டமாக இருக்கிறது.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன், மேடம். அவன்மேல் எந்தத் தப்பும் இல்லை. முழுக்க என் தப்பு. பாலைக் காய்ச்சாமல் ஊற்றிவிட்டேன்.